பெயரும் குணமும்: ஈழத்துத் தமிழில் இரசாயனப் பாகுபாட்டின் வரலாறு

உலகத்துப் பொருள்கள் எண்ணிறந்தன. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தறியப் புகுவோன், தன் வாழ்நாள் முழுவதையும் செலவிடினும் ஒரு மூலையையேனும் கண்டு முடியான். ஆதலின் ஒத்த குணமுடையவற்றை ஓரினமாகக் கூட்டியும், ஒவ்வாதவற்றை வேறாகப் பிரித்தும், கூட்டிய இனத்துக்கு ஒரு பெயரிட்டும் வழங்குதல் அறிவின் முதற்றொழிலாயிற்று. இனம் அறிந்தவன் ஒன்றைக் கண்ட மாத்திரத்தே அதன் சுற்றத்தையும் உணர்கின்றான். இனம் அறியாதவனுக்கோ ஒவ்வொன்றும் ஒரு புதுமையே. இரசாயனவியல் என்னும் கலை வளர்ந்த வரலாறு பெரும்பாலும் இவ்வினங்காணும் முயற்சியின் வரலாறேயாம். அம்முயற்சியில் யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்மொழிக்கும் உரிய பங்கு இன்று பலராலும் மறக்கப்பட்டிருத்தலின், அதனை ஈண்டு ஒருவாறு நோக்குதல் தகும்.

பொருள்களை அவற்றின் குணத்தாற் பிரித்தறியும் வழக்கம் இந்நாட்டுக்கு நூல்வழியே வந்ததன்று. மங்கல நாள்களில் எடுக்கப்படும் ஆலாத்தி நீரின் செந்நிறம் யாதொரு சாயத்தாலும் உண்டாவதில்லை. மஞ்சள் கரைத்த நீரிற் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது தோன்றும். அந்நீரிலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தாற் செம்மை நீங்கி மஞ்சள் நிறம் மீளும். காரத்தையும் புளிப்பையும் வேறுபடுத்தி உணர்த்தும் காட்டியொன்று ஒவ்வோர் அடுக்களையிலும் இருந்தது என்பதற்கு இது சான்று. பனங்கூடல்களிலும் இவ்வறிவு தொழிற்பட்டது. பாளையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். பூசாதுவிடின் இறங்குவது புளித்த கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்கும் என்னும் காரணத்தை அறியாதிருந்தும், அதன் பயனைச் சீவற்றொழிலாளர் பிழையின்றி அறிந்திருந்தனர்.

இவ்வாறு கைவழக்கிலிருந்த அறிவை நூல்வழக்காக ஒழுங்குபடுத்தியோர் சித்த வைத்தியராவர். ஆரியச்சக்கரவர்த்திகள் ஆட்சியில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களை உடைய யாழ்ப்பாணத்தில் அம்மரபு வேரூன்றியிருந்தது. சித்த மருத்துவம் தாதுச் சரக்குகளை உலோகம் 11, காரசாரம் 25, பாடாணம் 64, உபரசம் 120 என வகுத்து, ஆகமொத்தம் 220 எனக் கணக்கிட்டது. பாடாணங்களையும் இயற்கையிற் கிடைக்கும் பிறவிப் பாடாணம் 32, செயற்கையாற் செய்துகொள்ளும் வைப்புப் பாடாணம் 32 என இருபாலாக்கிற்று. இப்பாகுபாட்டுக்கு அடிப்படையாய் அமைந்த சோதனைகள் இரண்டு: ஒன்று நீர், மற்றொன்று நெருப்பு. நீரிற் கரைவன உப்பினம். கரையாது தீயில் உருகுவன உலோகம். கரையாது தீயிற் புகைந்து ஆவியாவன பாடாணம். ஒரு பொருளை அதன் நிறங்கொண்டோ விலைகொண்டோ பிரிக்காது, அது பிறிதொன்றோடு கூடியவிடத்து எவ்வாறு நடக்கின்றது என்பது கொண்டு பிரித்தமையே இம்முறையின் சிறப்பு. சரக்குகளுக்குள் நட்பும் பகையும் உண்டு எனக் கொண்டு, சத்துரு, மித்துரு என அவர்கள் வகுத்ததும் இக்கருத்தாலேயே. இரசமும் கந்தகமும் கூடி இலிங்கமாகும் செய்கை அவர்கள் நன்கறிந்த ஒன்று.

ஆயினும் அம்முறையிற் குறையில்லாமலில்லை. குறை பெரிதும் பெயரிலேயே இருந்தது. மயில்துத்தம், வெள்ளைத்துத்தம் என்னும் இரண்டும் துத்தம் என்னும் ஒரு பெயரால் வழங்கின. அன்னபேதியோ முற்றும் வேறான பெயர் பெற்றது. இன்றைய ஆராய்ச்சியின்படி முன்னது செம்புச் சல்பேற்று, அடுத்தது நாகச் சல்பேற்று, அன்னபேதி இரும்புச் சல்பேற்று. மூன்றும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள். அவற்றுள் இரண்டின் உறவைக் கண்ட பழையோர் மூன்றாவதன் உறவைப் பெயரிற் காட்டினாரில்லை. காரம் என்னும் சொல்லின் நிலை இதற்கு மறுதலையானது. வெங்காரமும் படிக்காரமும் அப்பெயரைப் பொதுவாகக் கொண்டன. வெங்காரம் கரைந்த நீர் மஞ்சளைச் சிவப்பிக்கும். படிக்காரம் கரைந்த நீர் சிவப்பியாது, அது புளிப்பின் பக்கத்ததாகும். ஆகவே ஓரிடத்தில் உறவினர் வேற்றுப் பெயராற் பிரிந்தனர். மற்றோரிடத்தில் அயலார் ஒரு பெயராற் கூடினர். பெயர் குணத்தைக் காட்டாதபோது பாகுபாடு நினைவாற்றலுக்குச் சுமையாகுமேயன்றி அறிவுக்குத் துணையாகாது.

இவ்வுண்மையை ஐரோப்பாவில் தெளிவுறக் கண்டவர் பிரான்சிய நாட்டு இலவோசியர். அங்கும் அக்காலம்வரை பொருள்களின் பெயர்கள் ஊராலும் நிறத்தாலும் கண்டவர் பெயராலும் தாறுமாறாகவே வழங்கின. 1787ஆம் ஆண்டில் அவரும் அவர் நண்பர் மூவரும் புதிய பெயரீட்டு முறையொன்றை வெளியிட்டனர். ஒரு சேர்வையின் பெயர் அதனுள் அடங்கிய மூலகங்களைக் காட்டல் வேண்டும். ஒரே வகையான சேர்வைகளின் பெயர்கள் ஒரே ஈறு பெறல் வேண்டும் என்பன அம்முறையின் சாரம். ஒட்சைட்டு, சல்பேற்று, நைத்திரேற்று என்னும் ஈறுகள் இன்று பாடசாலை மாணாக்கனுக்கும் உறவுமுறையை உணர்த்துவது அன்று இடப்பட்ட அடிப்படையினாலாகும். ஈராண்டின் பின் 1789இல் அவர் வெளியிட்ட நூலில் 33 தனிப்பொருள்கள் நான்கு வகுப்பாக அட்டவணைப்படுத்தப்பட்டன.

அவ்வட்டவணையிலும் பிழைகள் இருந்தன. ஒளியும் வெப்பமும் பொருள்களாகவே எண்ணப்பட்டன. சுண்ணாம்பு பிரிக்கவொண்ணாத தனிப்பொருளாக வைக்கப்பட்டது. 1808இல் டேவி மின்னோட்டத்தின் உதவியால் அதனைப் பிரித்துக் கல்சியம் என்னும் உலோகத்தைப் பெற்றபின்னரே, யாழ்ப்பாணக் குடாநாடு தாங்கி நிற்கும் சுண்ணக்கல்லின் உள்ளே ஓர் உலோகம் உறைகின்றது என்பது உலகுக்குத் தெரியவந்தது. இவற்றினும் நுட்பமான பிழை ஒட்சிசன் என்னும் பெயரிலே இருந்தது. அமிலங்களெல்லாம் இம்மூலகத்தாலேயே புளிப்படைகின்றன எனக் கருதிய இலவோசியர், அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் அப்பெயரை இட்டார். ஐதரோக்குளோரிக் கமிலத்தில் ஒட்சிசன் அறவே இல்லை என்பது பின்னர் டேவியால் நிறுவப்பட்டது. அதற்குள்ளாகவே செருமானியர் அப்பெயரைப் புளிப்புப் பொருள் எனத் தம் மொழியிற் பெயர்த்துக்கொண்டனர். வங்காளத்தாரும் பின்னாளில் அம்லஜான் எனப் பெயர்த்தனர். பெயரின் பொருளை மொழிபெயர்த்தோர் அதனுள் இருந்த பிழையையும் கூடவே மொழிபெயர்த்துவிட்டனர். கலைச்சொல் ஆக்குவோர் என்றும் மறக்கலாகாத பாடம் இது.

இத்தகைய இரசாயனவியல் தமிழுக்கு வந்த வாயில் மானிப்பாய். அமெரிக்காவில் மசாசூசெற்சு மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர், 1847இல் அமெரிக்க மிசனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 தொடக்கம் மானிப்பாயிலும் வைத்தியப் பணி புரிந்து, மருத்துவக் கல்வியும் போதித்தார். அவர் நோக்கம் சமயம் பரப்புதலையும் உள்ளடக்கியதே. ஆயின் அவர் செய்த அறிவுப்பணி அந்நோக்கத்தின் எல்லையையும் கடந்து நின்றது. அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டின் இறுதியிலே நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சமயத்தால் இருவரும் எதிரெதிர் முனையில் நின்றோர். எனினும் அச்சுப்பொறியையும் தெளிவான தமிழ் வசனத்தையும் கருவியாகக் கொண்டு நூல்களைப் பெருக்கியமையில் இருவரும் ஒரே காலத்தின் மைந்தரே. நாவலர் 1849இற் பதிப்பித்த சூடாமணி நிகண்டும் ஒரு பாகுபாட்டு நூலேயாகும். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பெயர்களைப் பன்னிரு தொகுதியாக வகுக்கும் அந்நூலில் உலோகங்கள் பல்பொருட்பெயர்த் தொகுதியுள் அடங்கும். நிகண்டு ஒரு பொருளுக்குப் பல பெயர் கூறும். விஞ்ஞானமோ ஒரு பொருளுக்கு ஒரு பெயரையே வேண்டும். இவ்விரு நெறிக்கும் இடையிலேதான் கிறீன் தம் வழியை வகுக்கவேண்டியிருந்தது.

தொடக்கத்தில் ஆங்கிலத்திற் போதித்த கிறீன், 1860களில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலங் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு நீங்கினர். தமிழிற் கற்றோரே கிராமத்திற் குடியிருந்து மக்களுக்குப் பயன்படுவர் என்பது அவர் கண்ட அனுபவம். அவரிடம் பயின்று வைத்தியராய் வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களின் பொருட்டு எழுந்த நூல்கள் அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் எனத் தொடர்ந்து, 1875இற் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலாக விரிந்தன. அமெரிக்கரான வெல்ஸ் என்பார் 1858இல் வெளியிட்ட இரசாயன நூலைத் தழுவி, கிறீனின் மாணாக்கரது உழைப்போடும் அவரது மேற்பார்வையோடும் அது தமிழாயிற்று.

கலைச்சொற்கள் பற்றி அவர் கைக்கொண்ட முறை எண்ணத்தக்கது. முதலில் தமிழ் நூல்களிலும் வழக்கிலும் உள்ள சொல்லைத் தேடுதல். ஆங்கு இல்லாவிடின் வடமொழியை நாடுதல். ஆங்கும் பொருத்தமானது கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயையத் திரித்து வழங்குதல். நூலின் பெயரே இம்மூன்றாம் நெறிக்கு எடுத்துக்காட்டு. இரசவாதம் என்னும் பழஞ்சொல் பொன் செய்யும் வித்தையை நினைவூட்டும். அதனாற்போலும் அதனை விடுத்து, அந்நியச் சொல்லுக்குத் தமிழ் ஈறு தந்து கெமிஸ்தம் என்றனர். இன்று அச்சொல் செவிக்குப் புதிதாய்த் தோன்றலாம். ஆயின் மஞ்சளுக்கும் இரும்புக்கும் கந்தகத்துக்கும் உள்ள தமிழ்ப்பெயரை இழவாமலும், தமிழர் முன் அறியாத மூலகத்துக்குப் பொருந்தாத பழம்பெயரைச் சூட்டாமலும் நடுநின்ற நெறி அது. செருமானியருக்கு நேர்ந்த பிழை அந்நெறியிற் செல்வோர்க்கு நேராது.

கெமிஸ்தம் அச்சேறிய காலம் இரசாயனவியலின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1869இல் உருசிய நாட்டு மென்டலீவ் அன்றறிந்த மூலகங்களை அணுநிறை வரிசையில் நிறுத்தினார். அங்ஙனம் நிறுத்தியபோது ஒத்த குணங்கள் ஓர் ஒழுங்கான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருதலைக் கண்டு, ஆவர்த்தன அட்டவணையை வகுத்தார். வரிசைக்கும் குணத்துக்கும் முரண்பாடு நேர்ந்தவிடத்து அவர் குணத்தின் பக்கமே நின்றார். தெலூரியம் அயடீனிலும் நிறைகூடியது. எனினும் அயடீன் குணத்தாற் குளோரின், புரோமின் என்பவற்றின் சுற்றமாதலின், தெலூரியத்தை முன்னும் அயடீனைப் பின்னும் வைத்தார். பொருத்தமான மூலகம் இல்லாதவிடத்தை வெறுமையாகவே விட்டு, அவ்விடத்துக்கு உரியது இனிக் கண்டுபிடிக்கப்படும் எனத் துணிந்து கூறினார். அவ்வாறு காணாத மூலகங்களுக்கு அவர் இட்ட பெயர்களில் வடமொழி எண்ணுப்பெயர்கள் விளங்குகின்றன. அலுமினியத்துக்கு அடுத்த வெற்றிடத்தை ஏக அலுமினியம் என்றார். கெமிஸ்தம் வெளிவந்த அதே 1875ஆம் ஆண்டில் அம்மூலகம் பிரான்சிலே கண்டுபிடிக்கப்பட்டுக் கலியம் எனப் பெயர் பெற்றது. அதன் அடர்த்தி நீரைப்போல் 4.7 மடங்கு எனக் கண்டவர் அறிவித்தார். 5.9 மடங்கு இருத்தல் வேண்டும் என மென்டலீவ் எழுதினார். மாதிரியைத் தூய்மை செய்து மறுபடி அளந்தபோது 5.9 என்பதே உண்மையாயிற்று. பொருளைக் கையிற் பெற்றவனினும் அதன் குலத்தை அறிந்தவன் அதனை நன்கறிந்திருந்தான்.

வெல்ஸின் நூல் மென்டலீவின் அட்டவணைக்குப் பதினோராண்டு முற்பட்டது. ஆகவே அவ்வட்டவணை அம்மூலநூலில் இடம்பெற வழியில்லை. தமிழில் இரசாயனவியல் தொடர்ந்து பயிலப்பட்டிருப்பின், அடுத்த பதிப்பிலேயே புதிய பாகுபாடு தமிழுக்கு வந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். ஆங்கிருந்தும் தமிழ்நூற் பணியைக் கைவிடாது, 1883இல் மனுஷ சுகரணம் வெளிவரக் கண்டு, 1884இற் காலமானார். அவருக்குப்பின் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. பிற்காலத்தில் கவிஞர் அம்பி நூலெழுதி நினைவூட்டும்வரை அவர் பணியை அறிந்தோர் சிலரே. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆங்கிலமே விஞ்ஞானத்துக்கு ஒரே வாயிலாயிருந்தது. ஆங்கிலம் கற்கும் வசதியற்ற பிள்ளைக்கு மூலகங்களின் குடும்பம் அறிமுகமாகாமலே போயிற்று. ஒரு நூலின் குறையைத் திருத்தலாம். திருத்துவோரை ஆக்கும் பள்ளி இல்லாதொழியின் திருத்தம் எங்கிருந்து வரும்?

இவ்விடைக்காலத்தில் ஈழநாட்டுக் கல்லொன்று பாகுபாட்டு முறையையே ஒருமுறை அசைத்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. கலையாராய்ச்சியாற் புகழெய்துமுன் அவர் புவியியற்பொருள் ஆய்வாளராய் இருந்தவர். 1903 தொடக்கம் 1906வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். 1904இற் சப்பிரகமுவப் பகுதியின் ஆற்றுமணலிற் கிடைத்த கரிய, பாரமான கனிப்பொருளொன்று அவர் ஆய்வுக்கு வந்தது. அது முதலில் யுரேனியத்தின் கனிப்பொருளாகவே கருதப்பட்டது. இலண்டனிற் பகுத்துப் பார்த்தபோது தோரியம் ஒட்சைட்டே அதன் பெரும்பங்கு எனத் தெரிந்து, தோரியனைற்று என்னும் பெயர் பெற்றது. நிறமும் பாரமும் காட்டிய உறவு பொய்த்து, உட்கூறு காட்டிய உறவே நிலைத்தது.

மறுவாண்டு, 1905இல், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஒட்டோ ஹான் என்னும் இளைஞர் அவ்விலங்கைக் கனிப்பொருளிலிருந்து கதிர்வீசும் புதிய பொருளொன்றைக் கண்டு, அதற்குக் கதிர்த்தோரியம் எனப் பொருள்படும் பெயரிட்டார். வியப்பு அதன்பின்னரே தோன்றியது. எவ்வகை இரசாயனச் செய்கையாலும் அதனைத் தோரியத்தினின்று பிரிக்க இயலாதென 1907இல் ஆய்வாளர் கண்டனர். இரசாயனக் குணமெல்லாம் ஒன்று. கதிர்வீசும் இயல்போ வேறு. ஒரே குணமுடையன ஒன்றே என்னும் கொள்கைக்கு இது சோதனையாயிற்று. 1913இற் சொடி என்பார், அட்டவணையின் ஒரே இடத்தில் நிறையால் வேறுபட்ட அணுக்கள் இருத்தல் கூடும் என விளக்கினார். ஈழத்து நூல்கள் அவற்றைச் சமதானிகள் என வழங்குகின்றன. சமமான தானத்தில் இருப்பவை என்னும் பொருள் அச்சொல்லிலேயே விளங்குதல் காண்க. அதேயாண்டில் மோசிலி, அட்டவணையின் வரிசையை ஆளுவது அணுநிறையன்று, அணுவெண்ணே என நிறுவினார். தெலூரியமும் அயடீனும் தம்முள் இடம் மாறி நின்ற மருமமும் அப்போதே தெளிந்தது. குணத்தை நம்பி மென்டலீவ் செய்த துணிவு, காரணம் அறியுமுன்னரே சரியாயிருந்தது.

கலைச்சொற் பணி மீண்டும் தமிழகத்தில் தொடங்கியது. 1916இல் இராசகோபாலாச்சாரியாரும் அவர் நண்பர்களும் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கமும் இதழும் நடத்தினர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள். துறவு பூணுமுன் அவர் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராய் இருந்தவர். கிறீன் விட்ட இழையை அதே மானிப்பாயிற் கடமையாற்றிய தமிழாசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டமை மகிழத்தக்க பொருத்தமேயாம். மாநாட்டின் முயற்சியால் 1938இற் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. பின்னர் 1950களில் இலங்கையில் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புக்களுக்கு விரிந்தபோது, அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

அவற்றின் பயனாக ஈழத்து மாணாக்கன் மூலகம், சேர்வை, ஒட்சிசன், சல்பேற்று என்கின்றான். தமிழக மாணாக்கன் தனிமம், சேர்மம், ஆக்சிஜன், சல்பேட் என்கின்றான். காரம் என்ற ஒரு சொல்லே இருகரையிலும் அளவாற் சிறிது வேறுபடுகின்றது. ஈழத்தில் மூலம் என்பது பேரினம். அதனுள் நீரிற் கரைவதே காரம். தமிழகத்திற் காரம் என்பது பேரினத்துக்கே பெயராகவும் நிற்கும். இவ்வேற்றுமை இருகரை நூல்களையும் ஒருங்கு பயில விழைவோர்க்கு இடர் விளைப்பது உண்மை. துத்தமும் காரமும் பழையோரை மயக்கியவாறே இதுவும் மயக்கும். ஆயினும் மூலகத்தின் பெயர் ஓசையளவில் உலகப் பெயரோடு ஒத்தலும், சேர்வையின் ஈறு அதன் குடும்பத்தைக் காட்டுதலும் இருகரையிலும் மாறவில்லை. அவ்வளவில் கிறீன் வகுத்த மூன்றாம் நெறி இன்றும் உயிரோடிருக்கின்றது.

இலவோசியரின் 33 தனிப்பொருள்கள் இன்று 118 மூலகங்களாகப் பெருகியுள்ளன. 2016இற் பெயர் பெற்ற நான்கு மூலகங்களோடு அட்டவணையின் ஏழாம் வரிசை நிறைவெய்தியது. அவ்வட்டவணையை மனனஞ் செய்வதோடு நின்றுவிடும் மாணாக்கன் நிகண்டு கற்றவனாவான்; ஒரு நிரலில் நிற்பன ஏன் ஒருங்கு நிற்கின்றன என வினவுபவனே இரசாயனம் கற்றவனாவான். அவ்வினாவை அவன் தன் தாய்மொழியில் எழுப்பவும் விடை காணவும் இயலுதல், முன்னோர் பலர் ஈட்டி, இடையே இழந்து, மீண்டும் பெற்ற செல்வம். ஆலாத்தித் தட்டிற் சேரும் சுண்ணாம்பைக் கல்சியம் ஐதரொட்சைட்டு என்று அறிந்து, மகனீசியத்தையும் பேரியத்தையும் அதனுள் உறையும் உலோகத்தின் சுற்றமெனக் காணும் பிள்ளையினிடத்தில் பழைய அறிவு அழிவதில்லை. அது நெடுநாள் பிரிந்திருந்த தன் குடும்பத்தைக் கண்டுகொள்கின்றது.